லமலேரா: திமிங்கிலத்தைப் பங்கு போடும் ஊர்

வியாழன், லெவோலெபா

திமோர் தீவின் குபாங் நகரத்திலிருந்து கிளம்பிய சின்ன விமானம் லெம்பாத்தா தீவின் மேல் சாய்ந்து திரும்பியபோது ஜன்னல் முழுக்க எரிமலைதான். இலே லெவோதொலோக். உச்சியில் லேசாகப் புகை. 2020 நவம்பரில் இது பெரிதாகப் பொங்கியது. அடுத்த ஏப்ரலில் செரோஜா புயல் வந்து, சரிவில் குவிந்து கிடந்த சாம்பலையும் பாறையையும் மழைவெள்ளத்தோடு உருட்டி அடிவாரத்து ஊர்கள் மேல் தள்ளியது. லெவோலெபா கடைவீதியில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் பத்து நிமிடத்தில் அந்த இரவுக்கு வந்துவிடுகிறார்கள்.

எங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இந்தோனேசியாவின் கிழக்கு நுசா தெங்காரா மாகாணம். புளோரஸ் தீவின் கிழக்கு முனையைத் தாண்டினால் அடோனாரா, சோலோர், லெம்பாத்தா என்று சின்னத் தீவுகள் வரிசையாக வரும். லெம்பாத்தா 1999இல்தான் தனி மாவட்டம் ஆனது. வடக்குக் கரையில் இருக்கும் லெவோலெபா அதன் தலைநகர். துறைமுகம், சந்தை, சில அரசு அலுவலகங்கள், அவ்வளவுதான். நான் போக வேண்டிய லமலேரா தெற்குக் கரையில், சாவு (Savu) என்ற பெயருள்ள திறந்த கடலைப் பார்த்தபடி இருக்கிறது. லாரி நாளைக்குத்தான். ஊரைச் சுற்றிவிட்டுப் படுத்துவிட்டேன்.

வெள்ளி, லாரியிலும் பிறகு லமலேராவிலும்

வரைபடத்தில் நாற்பது சொச்சம் கிலோமீட்டர்தான். லாரிக்கு நாலு மணி நேரம் ஆனது. பின்பக்கம் குறுக்கே பலகை அடித்து, மேலே தகரக்கூரை போட்ட லாரி. சிமெண்ட் மூட்டை, கால் கட்டிய கோழிகள், பெட்ரோல் கேன், விடுமுறைக்கு வீடு திரும்பும் பள்ளிப் பிள்ளைகள், இத்தனைக்கும் நடுவே என் முழங்காலுக்கு ஓர் இடம். வழியெல்லாம் முந்திரித் தோப்பு. லாபாலெக்கான் என்ற மலையைச் சுற்றி இறங்கத் தொடங்கியதும் சாலை போய்விட்டது. வெறும் கல்லும் பள்ளமும்தான்.

ஊர் கண்ணில் படுவதற்கு முன் வாசனை வந்துவிட்டது. மீன் வாடை என்று சொல்ல முடியாது, அதைவிடக் கனமானது, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வாடை. வீட்டு முற்றங்களில் மூங்கில் கொடி கட்டி, கை நீளத்துக்கு அறுத்த கறுப்புத் துண்டங்களைக் காயப் போட்டிருக்கிறார்கள். இன்னொரு கொடியில் வெள்ளைக் கொழுப்புத் துண்டங்கள். வெயிலில் உருகி வழியும் எண்ணெய் கீழே வைத்த தகர டப்பாவில் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. எல்லாம் திமிங்கிலம். சில வாரங்களுக்கு முன்னால் பிடித்ததாம்.

ஊர் பெரியதில்லை. மேல் ஊர், கீழ் ஊர் என்று இரண்டாகப் பிரிந்து, நிர்வாகக் கணக்கில் லமலேரா அ, லமலேரா ஆ என்று இரண்டு கிராமங்கள். செங்குத்தான பாறைச் சரிவில் வீடுகள் ஒன்றன் தலைமேல் ஒன்று நிற்கின்றன. நடுவில் ஒரு பெரிய ஆலமரம். கீழே கையளவு மணற்கரை. அதன் விளிம்பில் வரிசையாகக் கூரைக்கொட்டகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தேனா. தேனா என்பது இவர்களுடைய படகு. பத்து மீட்டருக்கு மேல் நீளம். பலகைகளை மரமுளை அடித்துச் சேர்த்து, உள்ளே கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஓர் இரும்பாணி கூடக் கிடையாது. முகப்பில் சிலவற்றுக்குக் கண் வரைந்திருக்கிறது. முன்பக்கம் கடலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மூங்கில் மேடையில்தான் ஈட்டிக்காரர் நிற்பார். அவருக்கு லமாஃபா என்று பெயர்.

இந்த ஊரைப் பற்றி வெளியே தெரிந்திருப்பது அந்த லமாஃபா ஒருவரைத்தான். கையில் நீண்ட மூங்கில் ஈட்டியோடு மேடையிலிருந்து பாய்ந்து, தன் உடம்பின் எடை முழுவதையும் ஈட்டியில் இறக்கித் திமிங்கிலத்தின் முதுகில் குத்துகிற படம். நானும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வந்தேன். நான் தங்கிய வீட்டுக்கார அம்மாவிடம் முதல் கேள்வியாக அதைக் கேட்டபோது அவர் சிரித்துவிட்டு, “நாளைக்குச் சந்தை. முதலில் அதைப் பாருங்கள்” என்றார்.

சனி, வூலாண்டோனி சந்தை

காலையில் அவர் தலையில் ஒரு பெரிய அலுமினியச் சட்டி. அதில் காய்ந்த திமிங்கிலத் துண்டங்கள், கொஞ்சம் உப்புக்கருவாடு, ஒரு பொட்டலம் சுண்ணாம்பு. கிழக்கே கரையோரமாகவே வூலாண்டோனிக்கு நடை. வழியில் பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். எல்லார் தலையிலும் சட்டி, யார் கையும் அதைப் பிடித்திருக்கவில்லை. நான் தண்ணீர் பாட்டிலை மட்டும் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

சந்தை மைதானத்தில் மலை ஊர்ப் பெண்கள் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் மக்காச்சோளக் கதிர், வாழைப்பழம், மரவள்ளி, அரிசி, வெற்றிலை, பாக்கு. கடற்கரைப் பெண்கள் எதிரே சட்டியை இறக்கிவைத்து உட்கார்ந்தார்கள். ஒருவர் கண் இன்னொருவர் பொருளை எடைபோடுகிறது. ஆனால் யாரும் எதையும் தொடவில்லை. சந்தைப் பொறுப்பாளர் ஒருவர் வரிசையாக வந்து ஆளுக்குக் கொஞ்சம் பொருளாகவே வரி எடுத்துக்கொண்டார். அப்புறம் விசில் ஊதினார்.

அதுவரை தூங்கிக்கொண்டிருந்த மைதானம் குபீரென்று எழுந்துவிட்டது. ஆனால் கூச்சல் போட்டுப் பேரம் பேசுவது கிடையாது. வீட்டுக்கார அம்மா ஒரு மலை ஊர்ப் பாட்டியின் முன் குந்தி, ஒரு துண்டம் எடுத்துக் காட்டினார். பாட்டி அதை முகர்ந்தார், வளைத்துப் பார்த்தார், கொழுப்பு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று நகத்தால் கீறிப் பார்த்தார். தலையாட்டல். ஆறு பழம், இன்னும் ஆறு பழம் எண்ணிச் சட்டியில் வைத்தார். இங்கே கணக்கு ஆறு ஆறாகத்தான். ஒரு துண்டத்துக்குப் பன்னிரண்டு வாழைப்பழம், அல்லது பன்னிரண்டு கதிர். மக்காச்சோளம் நகரத்தில் என்ன விலை விற்றாலும் இந்தக் கணக்கு மாறாது என்றார் அம்மா. ஓரத்தில் சோப்பு, பிளாஸ்டிக் வாளி, சட்டை விற்கிற கடைகளும் உண்டு. அங்கே ரூபியா. இங்கே அதற்கு வேலை இல்லை.

ஏன் இப்படி என்பது லமலேராவின் மண்ணைப் பார்த்தாலே விளங்கும். பாறை, செங்குத்து, மழை குறைவு. விதைக்கக் காணி கிடையாது. மலைக்காரர்களிடம் நிலம் உண்டு, கடல் கிடையாது. திமிங்கிலம் பிடிப்பது ஆண்களின் வேலை. அதைச் சோறாக மாற்றுவது முழுக்கப் பெண்கள் கையில். சந்தை இல்லாத நாட்களிலும் சட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ஊர்களுக்கே நடந்து போய் வீட்டு வாசலில் மாற்றிக்கொண்டு வருவார்கள். சில மலை வீடுகளோடு பாட்டி காலத்துப் பழக்கமாம்.

மத்தியானம் வீட்டில் அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஜகுங் தித்தி செய்வதைப் பார்த்தேன். மண்சட்டியில் மக்காச்சோள மணிகளை வறுக்கிறார்கள். வெடிக்கும் முன்பே, சட்டிக்குள் வெறுங்கையை விட்டு நாலைந்து மணிகளை அள்ளி, தட்டைக்கல் மேல் வைத்து, மறுகையில் இருக்கும் உருண்டைக் கல்லால் ஒரே தட்டு. மணிகள் நசுங்கி ஒட்டிக்கொண்டு மெல்லிய வில்லையாகி விழும். அதற்குள் இடக்கை மறுபடி சட்டிக்குள் போய்விடும். அந்த அம்மாவின் விரல் நுனிகளில் ரேகையே இல்லை. நான் ஒருமுறை கையை விட்டுப் பார்த்து உடனே இழுத்துக்கொண்டேன். திண்ணையில் இருந்த பிள்ளைகளுக்கு அன்றைய பொழுது போயிற்று.

ஜகுங் தித்தியோடு சுட்ட திமிங்கிலத் துண்டமும் தந்தார்கள். சாப்பிட்டேன். கறுப்பு, கடினம், ஈரல் போல ஒரு இரும்புச் சுவை, கடைசியில் வாயில் ஒட்டும் எண்ணெய். இரண்டாவது துண்டம் கேட்கவில்லை.

ஞாயிறு, லமலேரா

இன்று படகு போகாது. ஊரே கத்தோலிக்க ஊர். 1886இல் முதல் ஞானஸ்நானம் நடந்தது. 1920 முதல் பெர்ன்ஹார்ட் போடே என்ற ஜெர்மன் பாதிரியார் இங்கேயே தங்கிச் சபையை வளர்த்தார். பழைய வழக்கங்களில் சிலதை அவர் ஒழித்தார், சிலது சிலுவை போட்டுக்கொண்டு தொடர்கின்றன. வேட்டைப் பருவத்துக்கு லெஃபா என்று பெயர். மே 1ஆம் தேதி கடற்கரைச் சிற்றாலயத்தில் பூசை வைத்துத்தான் அது தொடங்கும். அதற்கு முன்னால் கடலில் செத்துப்போனவர்களுக்கு ஒரு பூசை, மெழுகுவத்தி ஏற்றி. அதே நாட்களில் ஊஜோன் என்ற குலத்தார், இவர்கள் நிலத்துக்கு மூத்தவர்கள், மலைப்பக்கம் போய்த் திமிங்கிலங்களை அழைக்கும் சடங்கைச் செய்வார்கள். பாதிரியாரும் குலத்தலைவரும் ஒருவர் வேலையில் ஒருவர் தலையிடுவதில்லை.

பூசை முடிந்ததும் வீட்டுக்காரரின் பெரியப்பா ஒருவர் கொட்டகை நிழலில் உட்காரவைத்தார். வயது எண்பதை நெருங்கும். முன்னாள் லமாஃபா. வலது தோள் இடதைவிட ஒரு விரல் இறங்கியிருக்கிறது. பாய்ச்சலைப் பற்றிக் கேட்டேன். “குதிப்பேன், குத்துவேன், மறுபடி படகுக்கு நீந்துவேன்” என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். அப்புறம் ஒரு குச்சியை எடுத்து மணலில் ஒரு கோத்தெக்லேமாவை வரைந்தார். பல் திமிங்கில வகையில் பெரியதான எண்ணெய்த் திமிங்கிலத்துக்கு இங்கே அதுதான் பெயர். வரைந்த படத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட ஆரம்பித்தார். அரை மணி நேரம் அந்தக் கோடுகள்தான் பேச்சு.

ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் உரிமைக்காரர். இந்தப் பகுதி படகு எந்த வீடுகளின் பெயரில் இருக்கிறதோ அவர்களுக்கு. தேனா தனி ஆளுக்குச் சொந்தமாவதில்லை, ஒரு குலத்தின் வீடுகளுக்குக் கூட்டாகச் சொந்தம். இது லமாஃபாவுக்கு. இது படகு கட்டிய ஆசாரிக்கு. இது ஈட்டி முனை அடித்த கொல்லருக்கு. இது படகுப் பாய் முடைந்தவர்களுக்கு. பழைய பாய்கள் தாளிப்பனை ஓலையில் முடைந்தவை. துடுப்பு போட்ட ஆட்களுக்கு இது. தலைப்பக்கம் ஒரு பங்கு நிலத்துக்கு மூத்த குலத்துக்கு. கோடுகள் முடிந்ததும் குச்சியைக் கீழே போட்டுவிட்டு, “இது பாதிதான்” என்றார். பங்கு வீட்டுக்குப் போன பிறகு அங்கிருந்து விதவைகளுக்கும், ஆண் துணை இல்லாத வீடுகளுக்கும், மருமகன் வீட்டுக்கும், பக்கத்து வீட்டுக்கும் போக வேண்டும். கொடுக்காத வீட்டின் படகுக்குக் கடல் எதுவும் கொடுக்காதாம். ஈட்டி தவறிப் போனால் முதலில் விசாரிப்பது வீட்டில் யாரோடு யாருக்குச் சண்டை என்பதைத்தான்.

ஓர் எண்ணெய்த் திமிங்கிலம் ஊர் முழுக்கச் சுற்றி வந்துவிடுகிறது. பாய்ந்து குத்தினவருக்கு அது சொந்தமில்லை. வெளியூர்க்காரர்கள் எடுத்துக்கொண்டு போகும் பாய்ச்சல் படத்தில் இந்த மணல் கோடுகள் வருவதில்லை என்பதுதான் என் குறை.

இவர்கள் எப்போது வந்தார்கள் என்பதற்கு ஊர்ப்பாட்டு ஒரு வழி சொல்கிறது. சுலவேசியின் லூவு பக்கமிருந்து புறப்பட்டு, லாப்பான் பாத்தான் என்ற தீவில் தங்கி, அது கடல்கொண்டு அழிந்ததும் இங்கே கரையேறினார்களாம். எழுத்தில் கிடைப்பது 1624ஆம் ஆண்டுப் போர்த்துக்கீசிய ஆவணம். இந்தத் தீவுக்காரர்கள் ஈட்டியால் திமிங்கிலம் குத்தி எண்ணெய் எடுப்பதை அது சொல்கிறது. அமெரிக்காவின் நான்டக்கெட் கப்பல்கள் எண்ணெய்த் திமிங்கிலத்தைத் துரத்தத் தொடங்குவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு முன்னால்.

1970களில் ஒரு வேடிக்கை நடந்தது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு ஒரு நார்வே திமிங்கில வேட்டைக்காரரை அனுப்பி, நவீனமாகப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கப் பார்த்தது. கொஞ்ச நாளில் திட்டத்தை மூட்டை கட்டிவிட்டார்கள். ஊரின் முறையே இந்த ஊருக்குப் பொருத்தமானது என்று அவர்களுக்கே விளங்கிவிட்டது. பெரியவருக்கு அந்தக் கப்பல் நினைவிருக்கிறது. “நிறையப் பிடித்தார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியவில்லை” என்றார்.

திங்கள், கடற்கரை

விடியும் முன்பே ஆட்கள் கரையில் கூடிவிட்டார்கள். கொட்டகையிலிருந்து தண்ணீர் வரை மரக்கட்டைகளை உருளையாகப் போட்டு, பாட்டுச் சொல்லி ஒரே மூச்சில் படகைத் தள்ளுகிறார்கள். தண்ணீரில் மிதந்ததும் ஒரு ஜெபம், தீர்த்தம் தெளிப்பு, உடனே துடுப்பு.

காசு கொடுத்தால் என்னையும் ஏற்றிக்கொள்ளத் தயார்தான். போகவில்லை. நிழலே இல்லாத படகில் நாள் முழுக்க வெயிலில் உட்கார என் உடம்பு ஒத்துக்கொள்ளாது. அதோடு, படகில் வேலை செய்யாமல் உட்கார்ந்திருப்பவன் பாரம்தான்.

இப்போது தேனாக்களைவிட ‘ஜோன்சோன்’ தான் அதிகம் ஓடுகிறது. வெளியே மாட்டும் மோட்டார் வைத்த சின்னப் படகுகளுக்கு அந்த மோட்டார் கம்பெனியின் பெயரே ஒட்டிக்கொண்டது. டால்பின், திருக்கைக்கெல்லாம் ஜோன்சோன். கோத்தெக்லேமா தெரிந்தால் மட்டும் தேனாதான் குத்த வேண்டும். ஜோன்சோன் தேனாவைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய்த் திமிங்கிலத்தின் பக்கத்தில் விட்டுவிட்டு விலகிவிடும். லெஃபா பருவம் இல்லாத மாதங்களில் யாராவது திமிங்கிலத்தின் மூச்சு ஊதலைப் பார்த்து “பலேயோ!” என்று கத்தினால், அந்தக் கத்தல் தெருத்தெருவாகத் தாவி மேல் ஊர் வரை போய், பள்ளிக்கூடம் உட்பட எல்லாமே காலியாகும் என்றார்கள்.

ஆபத்து கதையில் மட்டும் இல்லை. குத்துப்பட்ட திமிங்கிலம் கயிற்றோடு படகை மணிக்கணக்கில் இழுக்கும், முழுகும், வாலால் அடிக்கும். 1994 மார்ச்சில் அப்படி இழுபட்டு திமோர் பக்கம் போன படகுகள் முழுகி, ஆட்கள் நாட்கணக்கில் தண்ணீரில் தவித்து, கடைசியில் ஒரு சுற்றுலாக் கப்பல் கண்ணில் பட்டுப் பிழைத்தார்கள். அந்தப் படகுகளில் இருந்த ஒருவரின் மகன்தான் இன்று காலை என் பக்கத்தில் நின்று படகு தள்ளினார்.

மாலை நாலு மணிக்குத் திரும்பினார்கள். திமிங்கிலம் இல்லை. ஒரு ஜோன்சோனில் கொம்புத்திருக்கை ஒன்று. அலைவிளிம்பிலேயே கத்தி இறங்கியது. சிறகு இரண்டும் முதலில், பிறகு முதுகு, வால். ஒருவர் வெட்ட, இன்னொருவர் இலைமேல் குவியல் வைத்துக்கொண்டே போகிறார். எந்தக் குவியல் யாருடையது என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. ஒரு சிறுவன் சட்டியோடு வந்தான், ஒரு குவியலைப் பார்த்தான், எடுத்துக்கொண்டு போனான். ஒரு பாட்டி வந்தார். படகில் அவர் வீட்டு ஆள் யாரும் இல்லை என்று எனக்குப் பிறகு சொன்னார்கள். கத்தி பிடித்தவர் நிமிராமலே ஒரு துண்டைத் தள்ளிவிட்டார். அவரும் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துப்போனார்.

ராத்திரி துவாக். அதாவது பனங்கள். இங்கே நிற்பது நம்மூர்ப் பனையேதான், அதே இனம். குடுவையும் சுரைக்காய்க் குடுவைதான். அதைப் பற்றி மட்டும் எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செவ்வாய், லமலேராவிலிருந்து கிளம்பும் முன்

‘திமிங்கிலத்தைக் கொல்வது சரியா’ என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சர்வதேசத் திமிங்கில ஆணையத்தில் இந்தோனேசியா உறுப்பினர் இல்லை. உள்நாட்டுச் சட்டத்தில் திமிங்கிலங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. இந்த ஊரின் வேட்டையை மரபு என்று விட்டுவைத்திருக்கிறார்கள். நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு இருபது எண்ணெய்த் திமிங்கிலம் என்ற அளவில்தான் நிற்கும். இருபதாம் நூற்றாண்டில் எந்திரக் கப்பல்கள் கொன்ற எண்ணெய்த் திமிங்கிலங்கள் ஏழு லட்சத்துக்கும் மேல். நீலத்திமிங்கிலம் போன்ற பல்லில்லாத வகைகளை இவர்கள் தொடுவதே இல்லை. முன்னோர் ஒருவரை அது காப்பாற்றிக் கரைசேர்த்தது என்று கதை. 2009இல் சாவு கடலைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப் போனபோது ஊர் எதிர்த்து நின்றது. லெம்பாத்தா பக்கத்துக் கடலை விட்டுவிட்டார்கள். அதில் நான் ஊர்ப்பக்கம்தான்.

யானைத்திருக்கை, அதாவது மான்டா, விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். மெதுவாகப் பெருகும் மீன் அது. 2014இல் நாடு முழுக்கப் பிடிக்கத் தடை வந்தது. அதன் செவுளை மருந்துக்கென்று வாங்கும் வெளியூர் வியாபாரிகள் காசோடுதான் வருவார்கள், ஆறு ஆறாக எண்ண மாட்டார்கள். மோட்டாரும் அந்தக் காசும் சேர்ந்தால் மணலில் போட்ட கோடுகளுக்கு என்ன மரியாதை இருக்கும் என்று பெரியவரிடமே கேட்டேன். “அதுக்குப் பெட்ரோல் வாங்கணும், பெட்ரோலுக்குக் காசு வேணும்” என்றார். இளைஞர்கள் பலர் குபாங்கில் படிக்கிறார்கள். படிப்புக்கும் வாழைப்பழத்தில் கட்டணம் கட்ட முடியாது.

கிளம்பும் முன் பக்கத்து வீட்டுத் தறியில் கொஞ்ச நேரம். வீட்டிலேயே நூற்ற பருத்தி நூலைக் கட்டுக் கட்டாகச் சுற்றி, நுணா வேர்ச் சிவப்பிலும் அவுரி நீலத்திலும் தோய்த்து நெய்யும் கெவாத்தெக் கைலி. அதில் சின்னச் சின்னத் தேனா, திருக்கை, திமிங்கிலம். மூன்று பட்டை இணைத்த உயர்ந்த வகை கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் தரும் யானைத்தந்தத்துக்கு எதிர்ச்சீராகப் போகும். இந்தத் தீவுகளில் யானை கிடையாது. எப்போதோ வணிகர் கொண்டுவந்த தந்தங்கள்தான் வீட்டுக்கு வீடு சுற்றிக்கொண்டிருக்கின்றன. விற்பனைக்கு இருந்தது சின்னத் துண்டு மட்டும், அதை வாங்கினேன்.

வர நினைப்பவர்களுக்கு: மே முதல் செப்டம்பர் வரை வாருங்கள். லெவோலெபாவிலேயே ரூபியா எடுத்துவையுங்கள். சந்தைக்காகச் சனிக்கிழமை இங்கே இருக்கும்படி பாருங்கள். காய்ந்த திமிங்கிலத் துண்டம் அன்பாகக் கொடுப்பார்கள், அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். பன்னாட்டுச் சட்டப்படி நாட்டை விட்டு எடுத்துப்போகக் கூடாது. வீட்டுக்கார அம்மா எனக்குக் கட்டிக்கொடுத்தது ஜகுங் தித்தி. லாரி பின்னிரவிலேயே கிளம்பிவிடும் என்பதால் இதை இப்போதே பதிந்துவிட்டுப் படுக்கிறேன். அடுத்தது லெவோலெபாவிலிருந்து படகில் புளோரஸின் லாரந்துக்கா.